டர்கனின் புல்வெளி

டெரிமோர், மேயோ
10 அக்டோபர் 1880

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை சபீனாவுக்கு அண்ணன் ஃபெஸ்டஸ் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி வினியும் சுகமாக இருக்கிறோம். பாஸ்டன் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். கம்பளி போட்டுக்கொண்டு வெளியே போ. எஜமானியம்மா வீட்டு வேலை என்பதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

முதலில் நல்ல செய்தி. வினி உண்டாகியிருக்கிறாள். பங்குனி வாக்கில் பிரசவம் இருக்கும் என்று அவளே கணக்குப் போட்டுச் சொல்கிறாள். இத்தனை வருடம் கழித்து வீட்டில் தொட்டில் ஆடப்போகிறது. அப்பா இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பார்.

இந்த வருடம் உருளைக்கிழங்கு அழுகவில்லை. போன இரண்டு வருடத்துப் பாட்டை நினைத்தால் இது போதும். பசுவும் தேறிவிட்டது. ஆற்றோரப் புல்வெளி இப்போது நம்மிடம் இருக்கிறது. அதனால் குளிர்காலத் தீவனத்துக்குக் கவலையில்லை. நம்முடைய பாறைக்காட்டில் மேய்ந்த மாடா இது என்று நீயே கேட்பாய்.

டர்கன் வீட்டார் இப்போது பழைய இடத்தில் இல்லை. ஊரில் வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

வினி உனக்கு முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்
ஃபெஸ்டஸ் ருவேன்


பாஸ்டன்
2 நவம்பர் 1880

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் சபீனாவின் வணக்கம். இருமல் போய்விட்டது. சமையல்கார அம்மா தேனில் ஏதோ கலந்து கொடுத்தார். கசப்பு தாங்கவில்லை, ஆனால் கேட்டது.

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அண்ணி உண்டாகியிருக்கிற செய்தியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். எஜமானியம்மா பார்த்துவிட்டு யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டார். இல்லை, பிறக்கப் போகிறார்கள் என்றேன். அண்ணி, கனமான தண்ணீர் வாளியைத் தூக்காதீர்கள். அண்ணா தூக்கட்டும். நேரம் வந்தால் டர்கன் வீட்டு ஹனோரா அத்தை பார்த்துக்கொள்வார். என்னையும் அண்ணனையும் எடுத்த கை அது.

அண்ணா, ஒன்று புரியவில்லை. ஆற்றோரப் புல்வெளி என்றால் அந்தோணி டர்கன் மாமாவுடையது ஒன்றுதானே? அதை எப்படி அவர் விட்டார்? அந்த இடத்தில் ஒரு கூடை புல்லைக்கூட இன்னொருவரை அறுக்க விடமாட்டாரே. பழைய இடத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எங்கே போனார்கள்? ஹனோரா அத்தைக்கு மூட்டுவலி வேறு உண்டு. விவரமாக எழுதுங்கள்.

இங்கே எல்லாரும் மேயோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குத்தகைக்காரர்களின் நிலச் சங்கம், குத்தகை, ஊர்விலக்கு என்று ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபம் நிறைந்துவிடுகிறது. நம் ஊர் அமைதியாக இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
சபீனா


டெரிமோர்
5 டிசம்பர் 1880

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு மறுகடிதம் எழுது.

மழை விடாமல் பெய்கிறது. அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டிய மண்கரிக் கட்டிகள் உலரவே இல்லை. அடுப்பு புகைகிறது. வழக்கமாக எல்லாருமாகச் சேர்ந்து கரி சுமந்து வருவோம். இந்த வருடம் நானே தனியாகச் சுமந்தேன். உடம்புக்கு நல்லதுதான்.

குதிரைக்கு லாடம் தேய்ந்துவிட்டது. நம் ஊர்க் கொல்லனுக்கு வேலை அதிகமாம். அதனால் பாலின்ரோப் பட்டணம் வரை நடத்திப் போனேன். பூசைக்கும் இப்போது பக்கத்துப் பங்குக்குத்தான் போகிறோம். அங்கே சாமியார் சுருக்கமாகப் பிரசங்கம் செய்கிறார். வினிக்கு அதிக நேரம் நிற்க முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் மேடு என்பதுதான் கஷ்டம்.

மாவு, தேயிலை எல்லாம் பாலின்ரோப்பிலேயே வாங்கிவிடுகிறேன். அங்கே சரக்கு சுத்தமாக இருக்கிறது.

வினி நன்றாகச் சாப்பிடுகிறாள். உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னாள். அந்த மண்டபத்துக் கூட்டத்துக்கெல்லாம் நீ போகாதே. வேலைக்கு வந்த இடத்தில் வேலையைப் பார்.

உன் அண்ணன்
ஃபெஸ்டஸ்


பாஸ்டன்
9 ஜனவரி 1881

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். 

போன ஞாயிறு மண்டபத்தில் ஊர்க் கடிதங்கள் வாசித்தார்கள். யாருக்குக் கடிதம் வந்தாலும் மேடையில் ஏறி எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பது இங்கே வழக்கம். ஆஸ்டின் டர்கன் ஏறினான். அந்தோணி மாமாவின் மூத்த மகன் ஆஸ்டின். துறைமுகத்தில் வேலை செய்கிறான் என்று முன்பு எழுதியிருக்கிறேன். அவனுடைய அப்பா எழுதிய கடிதம்.

குத்தகை கட்ட முடியாததால் செப்டம்பரில் நிலத்துக்காரத் துரையின் ஆட்கள் போலீஸோடு வந்து வெளியே தள்ளிவிட்டார்களாம். அடுப்பில் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்தார்களாம். கதவுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்களாம். இப்போது சாலையோரப் பள்ளத்தில் மண்கட்டிகளை அடுக்கி மேலே புல் போட்டு இருக்கிறார்களாம். ஹனோரா அத்தையும் அந்தக் குடிசையில்தான். அந்த நிலத்தை யாரும் தொடக்கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்ததாம். ஒருவன் தொட்டான்.

அந்த இடத்தில் ஆஸ்டின் வாசிப்பதை நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். கடிதத்தை மடித்தான். கூட்டத்திலிருந்து ஒருவர், "பேரைச் சொல்லுப்பா, பயப்படாம சொல்லு" என்றார். அவன் சொல்லவில்லை. இன்னொருவர் அவன் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, ஃபெஸ்டஸ் ருவேன் என்று வாசித்தார்.

என் பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வேறு பக்கம் போனார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஆஸ்டினும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். தேதி வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதலாம் என்று இருந்தேன். அன்றிலிருந்து அவன் வரவில்லை.

அண்ணா, அதை விட்டுவிடுங்கள். துரையின் ஏஜெண்டிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. ஏன் செய்தீர்கள் என்றாவது எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
சபீனா


டெரிமோர்
1 பிப்ரவரி 1881

சபீனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ எழுதியதெல்லாம் உண்மைதான். நானாகத்தான் அந்த வயலைக் கேட்டு வாங்கினேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. என் மாடு நல்ல புல் தின்ன வேண்டும், பிறக்கப் போகிற என் பிள்ளை பால் குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும்.

நீ கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு புத்தி சொல்கிறாய். இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? நான் கடைக்குள் போனால் பேச்சு நிற்கிறது. நான் வெளியே வரும்வரை கடைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். சாலையில் எதிரே வருகிறவன் வேலி தாண்டி வயலில் இறங்கிப் போகிறான். என்னோடு பள்ளியில் படித்தவர்கள். போன வாரம் காலையில் கதவைத் திறந்தால் வாசலுக்கு எதிரே ஒரு குழி. ஆள் நீளத்துக்கு, நேர்த்தியாக வெட்டிய சவக்குழி. வினி பார்க்கும் முன்னால் மூடிவிட வேண்டும் என்று மண்வெட்டியோடு ஓடினேன். அவள் எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அதன்பிறகு வாசலில் இரண்டு போலீஸ்காரர்களைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. ஏஜெண்ட் பிரெட்டன் அனுப்பினார். இப்போது ஊர் என் வீட்டைப் போலீஸ்காரன் வீடு என்கிறது.

இதற்கெல்லாம் பயந்து இனி விட்டால் நான் மனுஷன் இல்லை. அந்த டர்கன் பையனுக்கு அவ்வளவுதான் உன்மேல் பிரியம் என்றால் அவன் போகட்டும்.

இனி இதைப் பற்றி எழுதுவதென்றால் எழுத வேண்டாம்.

ஃபெஸ்டஸ்


பாஸ்டன்
20 பிப்ரவரி 1881

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். வயலைப் பற்றி எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன்.

அண்ணிக்கு யார் பிரசவம் பார்ப்பார்கள்?

ராத்திரியும் பகலும் எனக்கு அதே நினைப்பு. தலைச்சன் பிள்ளை. அண்ணிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. டாக்டர் இருப்பது பாலின்ரோப்பில், அவரும் ஏழைவீட்டுக்கு எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. ஊரில் பேறு பார்க்கத் தெரிந்தவர் ஹனோரா அத்தை ஒருவர்தான். அந்த வீட்டாருக்கு நீங்கள் செய்ததற்குப் பிறகு அவரைக் கூப்பிடுவீர்களா? கூப்பிட்டால் வருவாரா?

அண்ணி, நீங்கள் இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். அண்ணனுக்குத் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூசையில் உங்கள் இருவர் பேரையும் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இங்கே என்னோடு யாரும் பேசாததால் ஜெபம் செய்ய நிறைய நேரம் கிடைக்கிறது.

சபீனா


டெரிமோர்
10 மார்ச் 1881

சேசு மரி சூசை துணை

அன்புள்ள சபீனாவுக்கு வினி எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன். கால் வீங்கியிருக்கிறது. குழந்தை நன்றாக உதைக்கிறது.

உன் அண்ணன் கரி சுமக்கப் போயிருக்கிறார். காவலுக்கு இருக்கும் டார்பி என்ற போலீஸ்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். நல்ல மனுஷன், கெர்ரி மாவட்டத்துக்காரர். அவர் அம்மாவும் குத்தகைக்காரிதான் என்று சொன்னார். தபாலில் போட்டுவிடுவார்.

உன் அண்ணன் உனக்கு எழுதியது பொய். அவராக அந்த வயலைக் கேட்கவில்லை. நான் வீட்டுக்குள் இருந்து என் காதால் கேட்டேன். டர்கன் வீட்டாரை வெளியேற்றிய மறுவாரம் பிரெட்டன் குதிரையில் வந்தார். இறங்கவேயில்லை.

"ருவேன், டர்கனோட ஆத்தோர வயல் சும்மா கிடக்கு. நீ எடுத்துக்க."

"அது அந்தோணி மாமா நிலமுங்க, ஐயா."

"அது துரையோட நிலம். நீ நிக்கிறியே, இதுவும் துரையோடதுதான்" என்றவர், குதிரை மேலிருந்தே நம் கூரையை அண்ணாந்து பார்த்தார். "கூரைய அழகா வேஞ்சிருக்க. இதப் பிரிக்கணும்னா எனக்கே மனசு கஷ்டமாயிருக்கும். பொண்டாட்டி உண்டாகியிருக்காளாமே?"

அவ்வளவுதான் பேச்சு. உன் அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஏஜெண்டு ஆபீசுக்குப் போய்க் குத்தகைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார், சபீனா. நல்ல பேரம் என்று சொன்னார். நானும் நல்ல பேரம் என்று சொன்னேன். பயந்தோம் என்று இன்றுவரை நாங்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆசைப்பட்டான் என்று ஊர் பேசட்டும், பயந்தான் என்று பேசக்கூடாது. அது அவருக்குத் தாங்காது.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு நான் ஒரு பெண்பிள்ளையோடுகூடப் பேசவில்லை. புனித பிரிஜித் திருநாளுக்குக் கோரையில் சிலுவை முடைந்து கதவில் தனியாக மாட்டினேன். பக்கத்து வீட்டு சிசிலி எங்கள் வேலியோரம் வந்து நின்று என் வயிற்றைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என்னோடு பேசினால் அடுத்தது அவள்.

ஹனோரா அத்தையைக் கேட்க முடியாது என்கிறார் உன் அண்ணன். என்னையும் கேட்க விடமாட்டேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

உன் அண்ணி
வினி


பாஸ்டன்
27 மார்ச் 1881

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இது வந்து சேரும்போது உங்களுக்கு எப்படி இருக்குமோ. மாதா கூட இருக்கட்டும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே துறைமுகத்துக்குப் போனேன். வேலை முடிந்து ஆட்கள் வெளியே வரும் வாசலில் நின்றேன். நம் ஊர்க்காரர்கள் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள். ஆஸ்டினும் ஒதுங்கப் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தி, நீங்கள் எழுதியதில் பிரெட்டன் பேசிய பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். நின்றுகொண்டே படித்தான். இரண்டு தடவை படித்தான் என்று நினைக்கிறேன்.

"உங்க அம்மாவுக்கு ஒரு வரி எழுது" என்றேன்.

"என்னன்னு எழுத? எங்கள வெரட்டின இடத்துல மாடு மேய்க்கிறவன் பொண்டாட்டிக்குப் போயி பேறு பாருன்னா?"

"ஆமா. அப்படியே எழுது."

"எங்க அப்பாவுக்கும்தான் பயம் இருந்துச்சு, சபீனா. அவரு பள்ளத்துல படுத்திருக்காரு."

 பிறகு அவனே சொன்னான்: "எங்கம்மா நான் சொல்லிப் போறவங்களும் இல்ல. எங்கப்பா சொல்லி நிக்கிறவங்களும் இல்ல." கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எழுதுவானா மாட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினாலும் நேரத்துக்கு வந்து சேராது.

ஆகவே எங்களை நம்பி இருக்காதீர்கள், அண்ணி. வலி எடுத்தால் அண்ணன் தடுத்தாலும் அத்தையிடம் ஆள் அனுப்புங்கள். அண்ணன் படித்தால் படிக்கட்டும்: அண்ணா, உங்களுக்குப் பயம் வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அண்ணிக்கு ஏதாவது ஆனால் வெட்கப்படுவேன்.

சபீனா


டெரிமோர்
18 ஏப்ரல் 1881

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை சபீனாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. உனக்குப் பெண் குழந்தை ஒன்று மருமகளாக வந்திருக்கிறது. வினி மிகவும் பலவீனமாக இருக்கிறாள், ஆனால் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

ஒரு நாள் முழுக்க வலி. பாலின்ரோப்புக்கு டார்பி போய்ப் பார்த்தார், டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார். மறுநாள் விடிந்ததும் வினியின் உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. "ஃபெஸ்டஸ், நான் செத்தா நீ யாருகிட்ட போய்ச் சொல்லுவ? பொணந்தூக்க நாலு பேரு வருவாங்களா?" என்று கேட்டாள். நான் டர்கன் குடிசைக்குப் போனேன்.

அத்தை வெளியே உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மாமா உள்ளே இருந்தார். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தது எல்லாம் மறந்துவிட்டது. நேற்றிலிருந்து வலி என்று மட்டும் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு எழுந்து சால்வையை எடுத்தார். மாமா வாசலுக்கு வந்தார்.

"ஹனோரா, ஊர் முடிவு உனக்கும்தான்."

"வயல எடுத்தது அவ இல்லயே" என்றார் அத்தை. 

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால். வழிநெடுக ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நம் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு போலீஸ்காரர்களும் துப்பாக்கியோடு இருந்தார்கள். டார்பி விலகி வழிவிட்டார். அத்தை அசையவில்லை. என் வீட்டைக் காலி செய்யும்போது இந்தத் துப்பாக்கிகளுக்கு நடுவில்தான் வெளியே வந்தேன், இன்னொரு தடவை இதற்கு நடுவில் நடக்க மாட்டேன் என்றார். போலீஸ்காரர்களைப் போகச் சொன்னேன். உத்தரவு இல்லாமல் போக முடியாது என்றார்கள்.

"அப்ப அவள என் வீட்டுக்குத் தூக்கிட்டு வா" என்றார் அத்தை. எனக்குப் புரியவில்லை. அவர் கை காட்டினார். புல்வெளியின் மேட்டில் அவர்கள் வீடு, ஆணி அடித்தபடியே இருந்தது.

கோடாலியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பலகைகளைப் பிளந்தேன், சபீனா. துரையின் முத்திரை போட்ட பலகை. டார்பியோடு இருந்த சார்ஜெண்ட் பின்னாலேயே வந்து, "ருவேன், இது ஜெயில் சமாச்சாரம். பாத்துட்டு நான் சும்மா இருக்க முடியாது" என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வினியைக் கையில் தூக்கிக்கொண்டு வயலைக் கடந்தேன். அத்தை அந்தக் குளிர்ந்த அடுப்பில் நெருப்பு மூட்டினார். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மதியம் கழிந்து குழந்தை அழுதது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். வேறு யார் கையானாலும் பிழைத்திருக்காது.

அத்தை வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். தன் வீட்டுச் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, திரும்பிக் குடிசைக்கு நடந்தார்.  நன்றி சொன்னாலும் வாங்கியிருக்க மாட்டார்.

மறுநாள் ஏஜெண்டு ஆபீசுக்குப் போய் வயல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.  பிரெட்டன் மேஜையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நம் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ். எழுதித் தயாராகவே வைத்திருந்திருக்கிறார். கதவை உடைத்ததற்கு வழக்கும் இருக்கிறது.

ஏன் செய்தீர்கள் என்று நீ என்னிடம் கேட்டிருந்தாய். வினி முன்னாலேயே பதில் எழுதிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அது சரிதான்.

உன் அண்ணன்
ஃபெஸ்டஸ்


பாஸ்டன்
8 மே 1881

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும், பெயர் தெரியாத என் மருமகளுக்கும் சபீனாவின் முத்தங்கள்.

உங்கள் கடிதத்தை நான் மண்டபத்தில் வாசிக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் சமையல்கட்டுப் பின்வாசலில் ஆஸ்டின் வந்து நின்றான். சமையல்கார அம்மா, "உள்ள வரயா, இல்ல கதவத் தாங்கிட்டு நிக்கப் போறயா?" என்று கேட்ட பிறகுதான் வந்தான்.

அவன் அம்மாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. "ஒரே வரிதான் எழுதியிருக்காங்க. பொண்ணு, ரெண்டு பேரும் சுகம்னு. யாருக்குன்னுகூட இல்ல. உங்கண்ணன் பேரும் இல்ல" என்றான். அவன் அம்மாவுக்கு எழுதினானா என்று நான் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன், தேநீர் குடித்துக்கொண்டே படித்தான். கல்யாணத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது, வழக்கு என்றைக்கு என்று கேட்டான்.

எனக்கும் அதுதான் கவலை. வீடு போனால் எங்கே போவீர்கள்? அண்ணியும் குழந்தையும் மழையில் இருக்க முடியாது. ஊர் இப்போதாவது பேசுகிறதா? வயலை விட்டுவிட்டார் என்று தெரியுமல்லவா? உடனே எழுதுங்கள். எழுதாத நாட்களில்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

சபீனா


டெரிமோர்
12 ஜூன் 1881

சேசு மரி சூசை துணை

அன்புள்ள சபீனாவுக்கு வினி எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். டெலியா என்று ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறோம். உன் அண்ணன் காசில்பார் ஜெயிலில் இருக்கிறார், அவரும் சுகம் என்று பங்குச் சாமியார் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஒரு மாதம் தீர்ப்பு. பதறாதே, முழுவதையும் படி.

வழக்கு நாளன்று கோர்ட்டு வாசலில் பிரெட்டன் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைத் திறந்தது யார் என்று சார்ஜெண்ட் தெளிவாக எழுதவில்லை, அந்தக் கிழவிதான் உடைத்தாள் என்று நீ சொன்னால் போதும் என்றார். "வீடும் ஒனக்கு, வயலும் ஒனக்கு. அவ ஜெயிலுக்குப் போகட்டும். ஊருக்கும் புத்தி வரும்." என் கையில் குழந்தை. உன் அண்ணன் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  போன தடவை போல நல்ல பேரம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே நீதிபதி கேட்டார். கூண்டில் இவர் நேராக நின்றார். "நான்தான் ஒடச்சேன். என் கோடாலி. பொண்டாட்டிக்கு வலி எடுத்துச்சு. ஊருல எனக்குத் தெறந்த கதவு வேற இல்லீங்க." கோர்ட்டு முழுக்க நம் ஊர் ஆட்கள்.  ஹனோரா அத்தை பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

உன் அண்ணனை ஜெயிலுக்கு அழைத்துப்போன அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்ய வந்துவிட்டார்கள். அவர் இல்லாத சமயமாகப் பார்த்து வந்தார்கள். டார்பியும் துப்பாக்கியோடு வரிசையில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். கட்டில், தொட்டில், பானை சட்டி எல்லாவற்றையும் சாலையில் கொண்டுவந்து போட்டார்கள். கூரையைப் பிரித்தபோது உன் அண்ணன் போன வருடம் வேய்ந்த வைக்கோல் இன்னும் மஞ்சளாக இருந்தது.

நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் சாலையில் உட்கார்ந்திருந்தேன். ஊர் முழுக்க வேலி ஓரமாக நின்றது. சிசிலி அழுதாள். ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. சங்கம் இன்னும் ஊர்விலக்கை எடுக்கவில்லை, யார் முதலில் அசைவது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூறல் போட ஆரம்பித்தது. குழந்தையைச் சால்வைக்குள் போட்டுக்கொண்டேன். எனக்கு அவர்களிடம் கேட்க வாய் வரவில்லை, சபீனா. என்ன உரிமையில் கேட்பது?

போலீஸ் அணிவகுத்துத் திரும்பிப் போனது. அப்புறமும் யாரும் நகரவில்லை.

அந்தோணி மாமா வேலியைத் தாண்டி வந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பாத்திர அலமாரி சாலையில் சாய்ந்து கிடந்தது. குனிந்து அதன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். ஒற்றை ஆளால் அது அசையாது. தூக்கியபடியே நிமிர்ந்து, அடுத்த முனையைப் பிடிக்க யார் வருகிறீர்கள் என்பதுபோல வேலியோரமாக நின்ற எல்லாரையும் பார்த்தார்.

இரவுக்குள் ஊர் ஆட்கள் சேர்ந்து மாமாவின் குடிசைக்கு அடுத்து எங்களுக்கும் மண்சுவர் எழுப்பிவிட்டார்கள். மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. உன் அண்ணன் வரும்போது எப்படி இருக்குமோ தெரியாது. மாமாவின் புல்வெளியிலும் எங்கள் பழைய நிலத்திலும் இப்போது புல் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. அறுக்க ஒருவரும் இல்லை.

அத்தை கூப்பிடுகிறார், குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம்.

உன் அண்ணி
வினி